கொச்சியில் முதல் குழுக் காட்சி: ஜிங்க் தகட்டில் 25 எடிஷன் கேட்கிறார்கள், ஒப்பந்தத்தில் எதைத் திருத்தச் சொல்லலாம்?

#1 கரிக்கோடு

எல்லாருக்கும் வணக்கம். கொச்சி-முசிறிஸ் பியனாலே (இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் காட்சி) 2026 மார்ச் 31 வரை நடக்கிறது. அந்தக் கூட்டத்தை நம்பி மட்டாஞ்சேரிப் பக்கம் ஒரு சின்ன கேலரி, புதியவர்கள் ஆறு பேரை வைத்து மார்ச் முதல் வாரம் குழுக் காட்சி போடுகிறது. என்னிடம் கேட்டிருப்பது ஆறு அச்சோவியங்கள். நான்கு எட்சிங் (அமிலம் அரித்த கோட்டில் மை ஏற்றி அச்சிடுவது), அக்வாடின்ட்டோடு (பொடி தூவி அமிலத்தில் கடிக்கவிட்டு நிழல் டோன் எடுப்பது). இரண்டு டிரைபாயின்ட் (ஊசியால் தகட்டில் நேரே கீறுவது). எல்லாமே ஜிங்க் தகடு, 30 × 40 செ.மீ. தாள் 45 × 60, 300 ஜிஎஸ்எம் காட்டன்.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் இருப்பவை: ஒவ்வொன்றிலும் 25 எடிஷன் (1/25, 2/25 என்று எண் போட்டுக் கையெழுத்திட்ட 25 பிரதிகள்), கமிஷன் 50 சதவீதம், ஃப்ரேம் செலவு என்னுடையது, தள்ளுபடி கேலரியின் விருப்பம், ஸ்கேன் ஃபைலும் கொடுக்க வேண்டும், அதை ஏ3 அளவில் டிஜிட்டலாக 100 பிரதி அடித்து விற்பார்கள், கடைசியாக "படைப்பின் மீதான எல்லா உரிமைகளும் கேலரிக்கு" என்று ஒரு வரி.

கையெழுத்துப் போட ஒரு வாரம் இருக்கிறது. எதை ஒத்துக்கொள்ளலாம், எதை மாற்றச் சொல்லலாம்?

#2 உருளைப்பிரஸ்

தம்பி, உரிமை விஷயத்தைச் சட்டம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் தகட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். அந்த 25-ங்கிற எண்ணே தப்பு.

டிரைபாயின்ட்ல ஊசி கீறும்போது கோட்டோட ஓரத்துல உலோகம் பிசிறா எழும்பி நிக்கும். மை தங்குறது அந்தப் பிசிர்லதான். அந்த வெல்வெட் மாதிரி கருமை வர்றதும் அதுனாலதான். ஒவ்வொரு தடவை பிரஸ்ல போகும்போதும் உருளை அதை நசுக்கும். துடைக்கும்போது மஸ்லின் துணியும் தேய்க்கும். செம்புத் தகட்டுலயே நல்ல பிரதி பத்துலேர்ந்து இருபதுக்குள்ளதான். ஜிங்க் செம்பை விட மெத்து, இன்னும் சீக்கிரம் போயிடும். 25-ன்னு கையெழுத்து போட்டா, 8-க்கு அப்புறம் வர்றது வெறும் சாம்பல் கோடுதான். 20/25 வாங்கினவர் 2/25 வாங்கினவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா உங்க பேருதான் கெடும்.

எட்சிங் கோடு அப்படி இல்ல, ஆசிட் தின்ன பள்ளம் நிலைச்சு நிக்கும். ஆனா அக்வாடின்ட் கவனம். ரோசின் பொடி நைஸா தூவி, லேசா கடிக்க விட்ட வெளிர் டோன்தான் முதல்ல கரையும். 12, 15 அடிச்சதும் முதல் பிரதியையும் கடைசியையும் பக்கத்துல வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. வானம், தோல் மாதிரி வெளிர் இடங்கள் வெளுத்திருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

என் கணக்கு: டிரைபாயின்ட் 6 பிரதி + 1 ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், எடிஷன் எண்ணிக்கையில சேராம கலைஞர் தனக்குன்னு வெச்சுக்கிற பிரதி). எட்சிங் 12 + 1 ஏ.பி. ஏ.பி. ஒண்ணு போதும், எடிஷன் பெருசா இருந்தாலும் பத்துல ஒண்ணுக்கு மேல போகக் கூடாது. சிலர் எடிஷன் 10-ன்னு போட்டுட்டு ஏ.பி. 10 அடிப்பாங்க. அது எடிஷனே இல்ல.

இன்னொண்ணு. கறுப்பு மைன்னா பிரச்சினை இல்ல. வெள்ளை, மஞ்சள் கலந்த மை ஜிங்க் மேல பட்டா சாம்பல் அடிக்கும். கலர் வேணும்னா செம்புக்குப் போங்க.

#3 ஆழிமுத்து

25 என்பது சந்தைக் கணக்கு அண்ணே. எண்ணிக்கை குறைந்தால் விலையை ஏற்ற வேண்டும், புதியவர் பெயருக்கு அந்த விலை கொடுப்பவர் குறைவு. கேலரியின் தரப்பையும் பார்க்க வேண்டும்.

#4 உருளைப்பிரஸ்

விலையை ஒரே எடிஷனுக்குள்ளேயே படியா வைக்கலாமே. எட்சிங்ல முதல் 5 பிரதி ₹12,000, அடுத்த 4 ₹15,000, கடைசி 3 ₹18,000. முன்னாடி வாங்கினவருக்கும் நம்பிக்கை வரும். எல்லாத்தையும் இப்பவே அடிக்கவும் வேண்டாம். காட்சிக்கு 4 அடிச்சா போதும். மீதிய விக்க விக்க அடிக்கலாம். ஆனா எடிஷன் எண்ணிக்கையை முதல் பிரதியிலயே எழுதி முடிச்சிடணும், பின்னால கூட்டவே கூடாது. தகட்டைத் துடைச்சு வாசலின் பூசி வெச்சாத்தான் அதுவரைக்கும் அரிக்காம இருக்கும்.

#5 கரிக்கோடு

நன்றி அண்ணா. 6-ம் 12-ம் என்று பதில் எழுதுகிறேன். ஃப்ரேம் பற்றி ஒரு கேள்வி. இங்கே கடைக்காரர் எம்டிஎஃப் பேக்கிங், மேலே கண்ணாடி, தாளை நான்கு ஓரமும் டபுள் டேப்பில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். ஒன்று ₹1,800. சரியா?

#6 சுவடிக்காரி

வேண்டாம். அவர் சொன்னதில் மூன்று விஷயங்கள் தாளுக்குப் பகை.

முதலில் நான்கு ஓரம் ஒட்டுவது. பருத்தித் தாள் ஈரம் குடித்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். கடலோரக் கொச்சியில் விடிகாலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், மதியம் இறங்கிவிடும். தினமும் இந்த ஏற்ற இறக்கம். நான்கு பக்கமும் பிடித்துக் கட்டினால் விரிய இடமில்லாமல் நடுவில் அலை அலையாகப் புடைக்கும். மேலே இரண்டு இடத்தில் மட்டும் தொங்க விட வேண்டும், மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கட்டும்.

அடுத்தது டேப். டபுள் டேப், மாஸ்கிங் டேப், செல்லோ டேப் எல்லாமே சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு. ஜப்பானியக் கோசோ தாளில் கீற்று கிழித்து, கோதுமை ஸ்டார்ச் பசையில் ஒட்டுவதுதான் முறை.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். முதலில் பால் போல வெள்ளையாக இருக்கும், பிறகு கெட்டிப்பட்டு, 20-25 நிமிடத்தில் கண்ணாடி போலத் தெளியும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து வடித்து, தண்ணீர் சேர்த்துக் கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். நாலைந்து நாளில் புளித்துவிடும், புளித்ததைப் பயன்படுத்தக் கூடாது.

சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதா பசை இதற்கு ஆகாது. மைதாவில் புரதம் இருக்கிறது, கெட்டியாக இறுகித் தாளை இழுக்கும், பூச்சியையும் கூப்பிடும். பூச்சிக்காக அதில் மயில்துத்தம் போடுவார்கள். அந்தச் செம்பு உப்பு தாளின் நாரையே அரித்துப் பொடியாக்கும்.

கீற்று 4 செ.மீ. அகலம். கத்தரியில் வெட்டாதீர்கள். நனைந்த தூரிகையால் கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரம் நாராகப் பிரியும், முன்பக்கம் தடம் தெரியாது. படத்தின் பின்புறம் மேல் ஓரத்தில் 5 மி.மீ. மட்டும் ஒட்டி, மேலே பிளாட்டிங் தாளும் ஒரு கனமான புத்தகமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பசை தண்ணீராக இருந்தால் அந்த இடம் சுருங்கி முன்னால் மேடு விழும். எப்போதும் ஒரு வீண் தாளில் முதலில் ஒட்டிப் பாருங்கள்.

மூன்றாவது எம்டிஎஃப். ஈரத்தில் உப்பும், அமில ஆவி விடும். அமிலமற்ற அட்டையைத் தாளுக்குப் பின்னாலும், அதற்கும் பின்னால் ஏசிபி ஷீட்டையும் (அலுமினியக் கூட்டுத் தகடு) வைக்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும்.

மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும், ஜன்னல் வெட்டிய அட்டை) கட்டாயம். தாள் கண்ணாடியைத் தொட்டால், இரவில் வேர்க்கும் கண்ணாடியில் மை ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் அளவு 32 × 43.5 செ.மீ. வெட்டச் சொல்லுங்கள். மூன்று பக்கமும் தகட்டுத் தடத்துக்கு வெளியே 1 செ.மீ., அடியில் 2.5. எண்ணும் கையெழுத்தும் அந்த 2.5-இல் தெரிய வேண்டும்.

#7 கரிக்கோடு

அக்கா, கண்ணாடியா அக்ரிலிக்கா?

#8 சுவடிக்காரி

உங்களுக்கு அக்ரிலிக், 3 மி.மீ. வண்டியில் போகும்போது உடையாது. கரி, பேஸ்டல் போட்டவர்கள் அக்ரிலிக் பக்கம் போகவே கூடாது. துடைத்தால் நிலைமின் ஏறி, தாளிலிருந்து கரித்தூளை மேலே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழுவில் கரி ஓவியம் வைப்பவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கேலரியிடம் கேளுங்கள். சுவர் எது? பழைய கிடங்குகளில் செங்கல்லும் வெட்டுகல்லும் சுண்ணாம்புப் பூச்சும். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், உப்பும் பூக்கும். ஃப்ரேமின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் 8-10 மி.மீ. தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஈரப்பதம் 65-70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் காற்றில்லாத பின்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் அணைக்கிற அறை, ஏ.சி.யே இல்லாத அறையை விட மோசம். இரவில் வெப்பமும் ஈரமும் திரும்பி வரும்போது குளிர்ந்த ஃப்ரேமுக்குள் வேர்க்கும்.

வெளிச்சம் தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஸ்பாட் லைட்டை அப்படியே முகத்துக்கு நேரே அடிக்க விடாதீர்கள்.

#9 வழக்காடி

உரிமைப் பகுதிக்கு வருகிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐ வைத்துச் சொல்கிறேன்.

"எல்லா உரிமைகளும்" என்ற வரியை அடித்துவிடுங்கள். படத்தை விற்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. வாங்குகிறவருக்குப் போவது அந்த ஒரு தாள்தான். படத்தை மறுபடி அச்சடிக்கும் உரிமை படைத்தவரிடமே இருக்கும், எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய. நீங்கள் அந்த வரியில் கையெழுத்திட்டால் எழுத்தில் மாற்றிக் கொடுத்ததாகவே ஆகும்.

பிரிவு 19-ஐக் கவனியுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். "காலம் எதுவும் போடவில்லையே, பிரச்சினை இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 5 வருடமும் உங்கள் படத்தை உங்கள் பட்டியலில் போடவே அவர்களிடம் கேட்க வேண்டிவரும்.

அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான்: "இந்தக் காட்சியின் விளம்பரம், பட்டியல், சமூக ஊடகம் ஆகியவற்றுக்கு மட்டும், காட்சி முடிந்து 6 மாதம் வரை, படத்தின் பெயரும் கலைஞர் பெயரும் சேர்த்து, வெளியிட அனுமதி." இந்த ஒரு வாக்கியத்தை அதே இடத்தில் வையுங்கள்.

பிரிவு 57-இன் கீழ் இன்னொன்று இருக்கிறது. பதிப்புரிமையையே விற்றாலும், படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை கலைஞரை விட்டுப் போகாது. டெல்லி விக்யான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் கழற்றப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் இழப்பீடும் விதித்தது. ஆனால் சரியாகக் காட்சிக்கு வைக்காததை இந்தப் பிரிவு மீறலாக எடுத்துக்கொள்ளாது. அதனால் எந்தச் சுவர், எந்த உயரம், எந்த வெளிச்சம் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும். சுவடிக்காரி சொன்ன 50 லக்ஸையும் தக்கைத் துண்டையும் ஒரு இணைப்புத் தாளில் போடுங்கள்.

மறுவிற்பனைப் பங்கு பற்றி யாராவது கேட்பார்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். பிரிவு 53ஏ: மூலப் படைப்பு ₹10,000-க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் கலைஞருக்குப் பங்கு உண்டு, 10 சதவீதத்துக்கு மேற்படாமல். ஆனால் அந்தப் பிரிவு பெயர் சொல்வது ஓவியம், சிற்பம், கோட்டோவியம். அச்சோவியத்தைச் சொல்லவில்லை. எட்சிங், லித்தோ, மரச்செதுக்கு எல்லாம் சட்டத்தில் "என்கிரேவிங்" என்ற தனி வரையறைக்குள் இருக்கின்றன. ஆகவே 53ஏ இருக்கிறதே என்று பிரின்ட் போடுகிறவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதுங்கள்.

#10 ஆழிமுத்து

கேலரி கேட்ட டிஜிட்டல் 100 பிரதி பற்றி யாரும் பேசவில்லை, அதில் பயப்பட என்ன இருக்கிறது? ஏ3 ₹1,500 என்றால் கல்லூரி மாணவர்கள் வாங்குவார்கள். பெயர் பரவும். இன்று எல்லா ஆர்ட் ஃபேரிலும் ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரின்ட் (எளிதில் மங்காத மையில் அடிக்கும் டிஜிட்டல் அச்சு) விற்கிறதே.

#11 உருளைப்பிரஸ்

விக்கட்டும், தப்பே இல்ல. டிஜிட்டலுக்காகவே செஞ்ச படத்தை டிஜிட்டலா விக்கிறது நேர்மையான வேலை. எட்சிங்கை ஸ்கேன் பண்ணி அடிச்சா அது எட்சிங்கோட போட்டோ. அதுல தகட்டுத் தடம் இருக்காது, மை மேடு இருக்காது. விரலால தடவினா சமமா இருக்கும், லென்ஸ் வெச்சுப் பார்த்தா புள்ளி தெரியும். அதுல பென்சில்ல 14/100-ன்னு எழுதிக் கையெழுத்து போட்டா, வாங்குறவர் அதையும் கை அச்சுன்னுதான் நினைப்பார். பக்கத்துச் சுவர்லயே 3/12 தொங்குது. ஒரே படத்துக்கு ரெண்டு எடிஷன். அந்த 12-க்கு மதிப்பு எங்கேர்ந்து வரும்?

#12 வழக்காடி

நடுவழி ஒன்று உண்டு. அந்த ஆறு படங்களைத் தொடாமல், வேறு கோட்டோவியம் ஒன்றைப் போஸ்டராக அடிக்கலாம். எண் கிடையாது, கையெழுத்து கிடையாது. பின்புறம் "டிஜிட்டல் அச்சு" என்று வெளிப்படையாகப் போட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

#13 ஆழிமுத்து

அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். போஸ்டரே போதும்.

கமிஷன் 50 என்பது வழக்கத்தில் இருப்பதுதான், அதில் மல்லுக்கட்ட வேண்டாம். சண்டை போட வேண்டியது தள்ளுபடி வரியில். ₹12,000 படத்துக்கு 10 சதவீதம் தள்ளினால் ₹1,200. பாதிப் பாதி தாங்கினால் இருவருக்கும் ₹5,400. முழுதும் கலைஞர் தலையில் என்றால் கேலரிக்கு ₹6,000, உங்களுக்கு ₹4,800. "10 சதவீதம் வரை, சமமாக, அதற்கு மேல் கலைஞரின் எழுத்து ஒப்புதலோடு" என்று எழுதுங்கள்.

ஃப்ரேம் பணத்தை விலையோடு கலக்காதீர்கள். படம் ₹12,000, ஃப்ரேம் ₹1,800 என்று இரண்டு வரியாக. கமிஷன் முதல் வரிக்கு மட்டும். கலந்துவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ₹900 உங்கள் கையை விட்டுப் போகும்.

விற்ற 30 நாளில் பணம், வாங்கியவர் பெயரோடு. விற்காதவை 15 நாளில் அவர்கள் செலவில் திரும்ப. உங்கள் சுவரிலிருந்து கழற்றியது முதல் திரும்ப உங்கள் சுவரில் மாட்டும் வரை காப்பீடு அவர்கள் பொறுப்பு. தேதி மாறினால் என்ன என்பதையும் கேளுங்கள். 2022-இல் பியனாலேயே டிசம்பர் 12-இலிருந்து 23-க்குத் தள்ளிப்போனது. அவ்வளவு பெரிய நிகழ்வே தள்ளும் என்றால் சின்னக் காட்சி தள்ளாதா?

#14 கரிக்கோடு

ஜிஎஸ்டி? நான் பதிவு செய்யவில்லை. சென்னையிலிருந்து கேரளா போகிறது.

#15 ஆழிமுத்து

காட்சிக்கு அனுப்புவது விற்பனை ஆகாது. 2017 டிசம்பர் 21-ஆம் தேதிச் சுற்றறிக்கை, எண் 22/22/2017, கலைஞர்-கேலரி விஷயத்துக்கென்றே வந்தது. வாங்குகிறவர் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் சப்ளை நடக்கிறது, அதுவரை டெலிவரி சலானில் போகலாம், தேவைப்படும் இடத்தில் இ-வே பில்லோடு. சலானில் ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, ஊடகம், எடிஷன் எண், மதிப்பு எழுதுங்கள். "காட்சிக்கு, திரும்பப் பெறத்தக்கது" என்றும் போடுங்கள். மூன்று நகல்.

2025 செப்டம்பர் 22 முதல் ஓவியம், அச்சோவியம், சிற்பத்துக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய 12-ஐ வைத்து விலைப்பட்டியல் வந்தால் திருத்தச் சொல்லுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பதற்குப் பதிவு தேவைப்படும் இடங்கள் உண்டு, விற்றுமுதல் குறைவாக இருந்தாலும். அதனால் முதல் விற்பனைக்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

#16 தோணித்துறை

பேக்கிங் யாரும் சொல்லவில்லையே. ஃப்ரேம் ஆறையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். முகத்தோடு முகம், முதுகோடு முதுகாக இரண்டிரண்டாக, நடுவில் நெளி அட்டை. மூலைக்கு மடித்த அட்டை. பபிள் ராப்பின் குமிழ் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே பார்த்தால் வெயிலில் அக்ரிலிக்கில் வட்ட வட்டமாகத் தடம் விழும். நிற்க வைத்து ஏற்றச் சொல்லுங்கள், படுக்க வைத்தால் மேலே யாராவது மூட்டை போடுவார்கள்.

ஃப்ரேம் இல்லாத உதிரிப் பிரதிகளைக் குழாயில் சுருட்டாதீர்கள். அக்வாடின்ட்டின் தடித்த கறுப்பு சுருட்டினால் வெடிக்கும். படத்துக்கு மேல் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய பாதுகாப்புத் தாள்), இரண்டு பக்கமும் தாளை விட 5 செ.மீ. பெரிய நெளி அட்டை, அட்டைகளின் நெளி ஒன்றுக்கொன்று குறுக்காக. அப்போதுதான் எந்தப் பக்கமும் வளையாது. அச்சடித்து இரண்டு வாரமாவது ஆறிய பிறகு கட்டுங்கள், எண்ணெய் மை மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும்.

கொச்சி போகிறவர், ஒரு நாள் ஒதுக்கிப் பியனாலேயைப் பாருங்கள். இந்த முறை கலைஞர் நிகில் சோப்ராவும் கோவாவின் எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ் என்ற கலைஞர் அமைப்பும் சேர்ந்து தொகுத்தது. மாணவர் பியனாலேயை விட்டுவிடாதீர்கள். 2014-இலிருந்து நடக்கிறது, நாட்டின் கலைக் கல்லூரிகளில் அடுத்து என்ன வரப்போகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும். பலர் பெரிய பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

#17 சுவடிக்காரி

பியனாலே பற்றித் தோணித்துறை சொன்னதோடு ஒன்று. ஈரத்தைப் பகையாக மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் பிறந்து சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியால், 2014 பியனாலேயில் சாம்பிராணி, பட்டை, கிராம்பு முதலியவற்றைப் பிசைந்து உருவங்கள் செய்து பெப்பர் ஹவுஸில் வைத்தார். கடற்காற்றில் வாசனை எழுந்து அறை முழுக்க நிற்கும். மிளகுக் கிடங்காக இருந்த இடத்துக்கு அந்தப் பொருள் பொருந்தி உட்கார்ந்தது. இடத்தை முன்கூட்டியே அறிந்தவர் மட்டுமே அப்படிப் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் அடுத்த வேலைக்கு இது உதவும்.

#18 கரிக்கோடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிரைபாயின்ட் 6, எட்சிங் 12 எடிஷன், டிஜிட்டலுக்குப் பதில் போஸ்டர், தள்ளுபடி சமம், உரிமை வரிக்குப் பதில் அந்த ஒரு வாக்கியம் என்று எழுதி அனுப்பினேன். டிஜிட்டலையும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பும் செலவு பாதி என்கிறார்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசிக் கேள்வி. எடிஷன் முடிந்ததும் தகட்டை என்ன செய்வது?

#19 உருளைப்பிரஸ்

கடைசிப் பிரதி எடுத்ததும் அன்னிக்கே ரத்து பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. ஊசியால மூலைக்கு மூலை ஒரு ஆழமான கோடு. அப்புறம் அதுலேர்ந்து ஒரே ஒரு பிரதி எடுத்து, "ரத்து" ன்னு பென்சில்ல எழுதித் தேதி போட்டுப் பத்திரமா வெச்சுக்குங்க. யாராவது பின்னால கேட்டா அதுதான் சாட்சி.

ஒரு நோட்டும் போடுங்க. தகட்டோட பேரு, அளவு, உலோகம், தாள், மை, அடிச்ச தேதி, எடிஷன், ஏ.பி., எந்த எண் யாருகிட்ட, எவ்வளவுக்கு. ஒரு தகட்டுக்கு ஒரு பக்கம். தாள்ல எண் இடது ஓரம், தலைப்பு நடுவுல, கையெழுத்து வலது ஓரம், எல்லாமே 2பி பென்சில். பேனா வேண்டாம், ஈரத்துல கசியும், வெளிச்சத்துல வெளுக்கும். டிரைபாயின்ட்டுக்கு மட்டும் அடிச்ச வரிசையிலயே எண் போடுங்க. முதல் பிரதிக்கும் ஆறாவதுக்கும் கருமையில வித்தியாசம் இருக்கும், வாங்குறவருக்கு அது தெரிஞ்சிருக்கணும்.